எட்டாவது பாட்டு

முதல் தடவை நான் அவர் கடைக்குப் போனது போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட. போனை வாங்கி மேசைமேல் வைத்தார். ஒட்டவில்லை. அவர் இடது காதில் ஒரு இயர்போன் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, கழுத்துப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த மற்றதை எடுத்து முந்தானையில் ஒரு துடைப்பு துடைத்து என் காதில் செருகினார்.

“கேளு. பேசாத.”

யாரோ ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். பின்னால் ஆடு கத்தியது. போனில் பதிந்த பாட்டு என்பது முதல் மூச்சிலேயே தெரிந்தது. ஆனால் அந்தக் குரல் ஆட்டையும் காற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. முடிகிற வரைக்கும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நகம் மட்டும் மேசைக் கண்ணாடியில் தாளம் தட்டியது.

“பதிவு ரொம்ப மோசம்க்கா” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா? கழுத்துல இம்புட்டுப் பெரிய ஹெட்போனப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டச் சுத்தி வாரியே, நாலு நாளாப் பாக்கேன். சவுண்டு படிச்சவம்னு விசாரிச்சேன். நல்லாப் பதிஞ்சு குடுக்கியா மாட்டியா?”

சென்னையில் ஒலிப்பதிவு படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் கோவில்பட்டிக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது எனக்கு. டெம்பர் கிளாஸ் அன்றைக்கும் ஒட்டவில்லை, மறுநாளும் ஒட்டவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து நான் அவர் ஆளாகிவிட்டேன்.

அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பெயர் இருக்கிறது, எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் அவரேதான். கடைசியில் சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவர் கடை. செல்போன் கடைதான். ஒரு பக்கம் கவர், சார்ஜர். அதைப் பார்த்துக்கொள்வது அவர் வீட்டுக்காரர். ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருப்பார். பேச்சும் கிடையாது, பாட்டும் கேட்கமாட்டார். “அவிய பாட்டே கேக்க மாட்டாவன்னு தெரிஞ்சுதான் கட்டுனேன். கடையில ஒரு ஆளு காதாவது கஸ்டமருக்கு வேணும்லா” என்பார் அக்கா.

மறுபக்கம் அக்காவின் பக்கம். பஸ், டிராக்டர், ஷேர் ஆட்டோ என்று ஓடுகிற வண்டிகளுக்கெல்லாம் பென்டிரைவில் பாட்டு ஏற்றிக்கொடுப்பது. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இருந்தது. அதன்மேல் எப்போதும் அட்டைப்பெட்டிகள் இருக்கும். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு டீயை முழுசாகக் குடித்தும் பார்த்ததில்லை. பாதி டம்ளரை வைத்துவிட்டு யார் காதையாவது தேடிக் கிளம்பிவிடுவார். “ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஊருக்கு” என்பார் இயர்போனைக் காட்டி. ஊருக்கான அந்த ஒன்று போகாத காது கிடையாது. ஹெல்மெட் போடவில்லை என்று நிறுத்திய போலீஸ்காரர் காதில் போயிருக்கிறது. பேங்க் மேனேஜர் காதில் போயிருக்கிறது. பல் பிடுங்கப் போன இடத்தில், “வாயத் தொறந்தா பெறவு பேச முடியாது, அதுக்கு முன்னாடி இதக் கேட்டுருங்க” என்று டாக்டர் காதில் செருகியிருக்கிறார். டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நாலு நிமிடம் கேட்டாராம்.

இத்தனைக்கும் அக்காவுக்குப் பாட வராது. ஒரு வரியை முணுமுணுக்கக்கூட வராது. எந்தப் பாட்டு என்று கேட்டால் மேசையில் தட்டிக் காட்டுவார். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கும்.

அவர் ஊருக்குக் கேட்கக் கொடுத்ததெல்லாம் சினிமாப் பாட்டு இல்லை. சொந்தப் பாட்டு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் கட்டுகிற ஒரு அம்மா, பேருந்து டிக்கெட்டின் பின்பக்கம் ராப் எழுதுகிற ஒரு பையன், சலூன் வைத்திருக்கும் ஒருவர் என்று இந்தக் கரிசல்காட்டில் யார் யாரோ பாடுவதை எங்கெங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வருவார். அதை ஊருக்குள் இறக்குவதற்கு அவர் வைத்திருந்த வழிதான் எட்டாவது பாட்டு.

எந்த பஸ் பென்டிரைவ் வந்தாலும், டிரைவர் கேட்ட பாட்டுகளை ஏற்றுவார். எட்டாவதாக, கேட்காத ஒன்றையும் சேர்த்து ஏற்றுவார். ஏன் எட்டு என்று கேட்டேன்.

“பஸ்ஸு ஸ்டாண்ட விட்டுக் கெளம்புது. ஏழு பாட்டு முடியுததுக்கும் எட்டயபுரம் தாண்டுததுக்கும் சரியா இருக்கும். அதுக்கு மேல ரெண்டு பக்கமும் காடு. ஹாரன் அடிக்க ஆளு கெடையாது. ஏறுத ஆளெல்லாம் ஏறி, டிக்கெட்டு எடுத்து, சண்ட போட்டு முடிஞ்சிருப்பாவ. அப்ப ஒரு பாட்டு வந்தா ஆளு கேக்கும்லே. நானே பஸ்ஸுல போயி எண்ணிருக்கேன்.”

திரும்பி வரும் டிரிப்புக்கு வேறு பென்டிரைவ். அதில் அதே பாட்டு மூன்றாவது. “வரும்போது எட்டாவது பாட்டு டவுனுக்குள்ள வந்துரும். அப்ப யாரு கேப்பா?”

டிரைவர்கள் திட்டுவார்கள். “யக்கா, யாருக்கா அது, நடுவுல ஒருத்தன் வந்து அழுதான்?” என்று புதூர் பஸ் டிரைவர் ஒருநாள் வந்து நின்றார். “அழுதானா? ஒனக்கு அழுக வந்துச்சா இல்லையா, அதச் சொல்லு” என்றார் அக்கா. டிரைவர் சார்ஜர் விலை கேட்டார்.

ஆனால் பஸ்ஸில் ஓடுவது அக்காவுக்குப் போதவில்லை. அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. “பாட்டு எங்கன வேணாலும் ஓடும்லே. பாடுனவன் பேரு ரேடியோல மட்டுந்தான் சொல்லுவாவ” என்பார். இண்டர்நெட்டில் போட்டால் பெயர் போடலாமே என்றேன். “போடலாம். வாசிச்சுச் சொல்ல ஆளு இருக்கா?” என்றார். ஒரு குரல், முன்னே பின்னே தெரியாத ஒரு குரல், ‘பாடியவர் இன்னார்’ என்று சொல்ல வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அந்த ஆடு கத்திய பாட்டுக்காரர் பெயர் பெருமாள்சாமி. புதூர்ப் பக்கம். லோடு வண்டி ஓட்டுகிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மழை மேகத்தைப் பற்றிய பாட்டு அது. தன் ஊர் நிறுத்தத்தில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் பஸ்ஸைப் பார்த்துக் கை காட்டுவது மாதிரி மேகத்தைப் பார்த்துக் கை காட்டுவார்:

எங்கூரு நிறுத்தத்தில
எறங்க ஆளு இல்லன்னா
எங்களயாச்சும் ஏத்திக்கிட்டுப்
போ மேகமே…

பதிவு செய்ய நல்ல இடம் வேண்டும் என்று சொன்னேன். அக்கா ஒரு பஞ்சுக் கிட்டங்கியைப் பிடித்துக் கொடுத்தார். கூரை வரைக்கும் பஞ்சுப் பேல். உள்ளே போய்க் கை தட்டினால் சத்தம் கையோடு நின்றுவிடும். சென்னையில் நான் படித்த இடத்துச் சுவர்கூட அவ்வளவு சுத்தமாக ஒலியைக் குடித்ததில்லை. கிட்டங்கி முதலாளியை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. முதலாளியின் காதில் தொங்கிய இயர்போனைப் பார்த்தாலே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பதிந்தோம். ரயில் வரும் நேரத்தில் மட்டும் நிறுத்தினோம்.

கழுகுமலைப் பக்கத்திலிருந்து குழல் வாசிக்கிற ஒருவரைக் கூட்டிவந்து, பாட்டுக்கு முன்னால் நாற்பது விநாடி வாசிக்க வைத்தேன். தூரத்தில் மேகம் திரளுகிற மாதிரி. எனக்கு அதில் அவ்வளவு பெருமை. அக்கா கேட்டுவிட்டு நகத்தால் மேசையைத் தட்டினார்.

“மேகம் பெறவு வரட்டும்லே. மொதல்ல ஆளு வரட்டும். இத வெட்டு.”

“அக்கா, அதுதான் பாட்டோட சூழலே. வெட்டினா ஒண்ணுமே இல்ல.”

“பாடுதவன் எங்கன்னு தேடணுமா நாங்க?”

“கேக்குறவங்க காத்திருக்கணும்க்கா. அது ஒரு அழகு.”

அக்கா நகத்தை மேசையிலிருந்து எடுத்தார். “சரி, படிச்சவன் சொல்லுத” என்றார்.

நான் ஜெயித்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பாட்டு தயாரானதும் பெருமாள்சாமியின் அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று மூன்று பேரும் அவர் லோடு வண்டியில் போனோம். சுப்பம்மாள் என்று பெயர். மிளகாய்க் களத்தில் வற்றல் கிளறிக்கொண்டிருந்தார். வேலிக் கம்பில் ஒரு ரேடியோ தொங்கியது. அக்கா வழக்கம்போல இயர்போனைத் துடைத்து நீட்டினார். சுப்பம்மாள் கையால் விலக்கிவிட்டார். அக்காவின் இயர்போனை யாரும் விலக்கி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

“அவன் பாடுதத நான் கேக்காததா? தவழுத காலத்துலயே கேட்டாச்சு. ஊருல என்ன சொல்லுதாவ தெரியுமா? லோடு அடிக்கிற பய வண்டியில கத்திக்கிட்டுப் போறாங்காவ. எந்தம்பி இவனுக்குச் சவுதி விசா எடுத்துட்டு வந்து நிக்கான். நான் என்னன்னு சொல்லி வேண்டாங்கட்டும்? எம்மவன் பாடுவான்னா?”

“சொல்லுங்க” என்றார் அக்கா.

“நான் சொன்னா நம்புவாவளா? அந்தா தொங்குதே, அது சொல்லட்டும். பாடியவர் பெருமாள்சாமின்னு ஒரு வாட்டி சொல்லட்டும். எந்தம்பிட்ட நான் பேசிக்கிடுதேன். சவுதியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், இவன் இங்கனயே வண்டி ஓட்டிக்கிட்டுப் பாடட்டும்.”

பெருமாள்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்ப இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

“ஒரு மாசம்” என்றார் அக்கா. “சொல்ல வைக்கேன்.”

வானொலி நிலையம் கடலோர நகரத்தில் இருந்தது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். ஆனால் கதவிலேயே நின்று பேசுவார். முதல் தடவை கடம்பூர் போளி ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனோம்.

“ஏம்மா, நான் கடம்பூர்க்காரன். எனக்கே போளியா?” என்றார். இரண்டு சாப்பிட்டார். “சினிமாப் பாட்டுக்கே நேரம் பத்தல. முகம் தெரியாத ஆளு பாட்டப் போட்டா நாளைக்கு ஊர்ல உள்ள எல்லாரும் வந்து வாசல்ல நிப்பாங்க.”

“நிக்கட்டும் அண்ணாச்சி. நல்லதுதான?”

இரண்டாவது தடவை மீட்டிங்கில் இருந்தார். மூன்றாவது தடவை லீவில் இருந்தார். ஏன் லீவு என்று வாட்ச்மேனிடம் விசாரித்தோம். அவருடைய அம்மா இறந்துவிட்டாராம்.

மறுநாள் காலை அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு கடம்பூர் போனார். துஷ்டி கேட்கத்தான் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நடந்துகொண்டார். முன்பின் தெரியாத அந்த வீட்டுப் பெண்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்று மேலே எழுதியது தப்பு, அன்றைக்கு உட்கார்ந்தார். உண்மையாகவே அழுதார். கிளம்பும்போது வாசலில் நின்ற பொறுப்பாளரிடம் தலையை ஆட்டினார். பிறகு, கையை நீட்டி அவர் சட்டைப் பையில் எதையோ போட்டார்.

பென்டிரைவ்.

தெருமுனை வரைக்கும் நடந்தோம். பிறகு கேட்டேன்.

“எப்படிக்கா மனசு வந்துச்சு உங்களுக்கு?”

“எது?”

“அவங்க அம்மா செத்திருக்காங்க.”

“ஆமா. அதான் போனேன்.” நடையைக் குறைக்கவே இல்லை அவர். “இன்னும் பத்து நாளைக்கு அவியளுக்கு ஒண்ணும் ஓடாது. வீட்டுல சும்மா இருப்பாவ. அப்பத்தாம்லே கேப்பாவ.”

அழுதது பொய்யில்லை. பென்டிரைவைக் கையில் பொத்திக்கொண்டே அழுததும் பொய்யில்லை. இரண்டும் ஒரே ஆள். அன்றைக்கு முழுக்க எனக்கு அவர் பக்கத்தில் நிற்கவே என்னமோ மாதிரி இருந்தது.

பதினோராவது நாள் பொறுப்பாளரே போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“கேட்டேம்மா” என்றார். “நாலஞ்சு வாட்டி கேட்டேன். சும்மா போட எனக்கு அதிகாரம் இல்ல. நேயர் விருப்பத்துல போடலாம். கார்டு வரணும். வாட்ஸ்அப் வேண்டாம், ஒரே ஆளு பத்து நம்பர்ல இருந்து அனுப்புதான். கையால எழுதுன கார்டு வந்தாப் போடுதேன். கடைசிப் பாட்டு. ஆறு நிமிஷம் ஒதுக்குதேன்.”

பாட்டு நாலு நிமிடம் இருபது விநாடி. கணக்குச் சரியாக இருந்தது.

அக்கா கார்டு எழுதக் கிளம்பினார். நான் பின்னால் ஓடினேன். தீப்பெட்டி ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் எழுதினோம். மிளகாய்க் கமிஷன் கடையில் எழுதினோம். புதூர் பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதினோம். எங்கள் பக்கத்தில் நேயர் விருப்பக் கார்டு என்றால் கேட்கிறவர் பெயர் மட்டும் இருக்காது. வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள், கட்டிக்கொடுத்த மகள், மருமகன், பக்கத்து வீடு, வெளியூரில் இருக்கும் கொழுந்தன் எல்லாரும் இருப்பார்கள். விட்டுப்போனால் வருஷக் கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காது. வானொலியிலும் இது தெரியும். வந்த பெயர்களை எல்லாம் வாசித்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள்.

நாகலாபுரத்து ஆச்சி ஒருத்தி சொல்லிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“வெள்ளச்சி, கருத்தகுட்டி. இதையும் போடு.”

“பேத்தியளா?” என்றார் அக்கா.

“ஆடு.”

அக்கா எழுதினார். நான் சிரித்தேன். “ஏலே, ஒருத்தர் பேரும் விடப்படாது. பேருல என்ன கஞ்சத்தனம்?” என்றார்.

சுப்பம்மாளுக்கும் ஒரு கார்டு எழுதினோம். எல்லாக் கார்டையும் ஒரு துணிப்பையில் போட்டு நான்தான் தபாலில் சேர்த்தேன். பை கனமாக இருந்தது. விநாடி விநாடியாக வெட்டி ஒட்டுகிறவன் நான். அந்தக் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த நாள் கடையில் கூட்டம். பெருமாள்சாமி சட்டையைத் தேய்த்துப் போட்டு வந்திருந்தார். புதூர் பஸ் டிரைவர் நின்றார். கிட்டங்கி முதலாளி வந்தார். அக்கா தன் மிகப்பெரிய ஸ்பீக்கரில் ரேடியோவை இணைத்து வைத்திருந்தார். பன்னிரண்டரைக்குச் செய்தி, அதற்கு முந்தைய கடைசிப் பாட்டு எங்களுடையது. சொன்னபடி பன்னிரண்டு இருபத்து நாலுக்கு அறிவிப்பாளர் ஆரம்பித்தார். இனிமையான குரல்.

“அடுத்ததாக ஒரு புதிய பாடல். விரும்பிக் கேட்டிருக்கும் நேயர்கள்…”

முதல் பெயருக்குக் கடையில் கை தட்டினார்கள். பத்தாவது பெயருக்கும் தட்டினார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெயர்கள் வந்தன. கமிஷன் கடைப் பெயர்கள் வந்தன. டிரைவர் தன் பெயர் வந்ததும் தலையைச் சொறிந்துகொண்டார். வெள்ளச்சி, கருத்தகுட்டி இரண்டு பேரையும் அறிவிப்பாளர் ஒரே மரியாதையோடு வாசித்தார். கடையே குலுங்கியது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தேழு.

அக்காவைப் பார்த்தேன். அவர் தாளம் தட்டுவதை நிறுத்தியிருந்தார். நகம் கண்ணாடிமேல் அப்படியே நின்றது.

“போதும்” என்றார் மெதுவாக, ஸ்பீக்கரிடம். “போதும்மா. பாட்டப் போடு.”

அறிவிப்பாளர் மூச்சு வாங்கி அடுத்த கார்டை எடுத்தார். இருபத்தெட்டு. சுப்பம்மாள் பெயர் வந்தது. இருபத்தொன்பதும் தாண்டி அரை நிமிடம் ஆகிவிட்டது. “…ஆகியோர் விரும்பிக் கேட்ட பாடல் இதோ.”

குழல் ஆரம்பித்தது.

தூரத்தில் மேகம் திரண்டது. திரண்டுகொண்டே இருந்தது. இவ்வளவு நீளமாகவா வைத்தேன்? பெருமாள்சாமி கண்ணை மூடிக்கொண்டு, தன் குரல் வரப்போகிற இடத்துக்காக வாயை லேசாகத் திறந்தார்.

மணி அடித்தது. செய்திகள்.

பாடியவர் பெயரைப் பாட்டு முடிந்ததும் சொல்வது அந்த நிகழ்ச்சியின் வழக்கம். பாட்டு முடியவே இல்லையே.

ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “நல்லாருந்துச்சு” என்றார். அவருக்கு அது முடிந்துவிட்ட பாட்டு.

பெருமாள்சாமியின் போன் அடித்தது. அவருடைய அம்மா. களத்திலிருந்து உரக்கப் பேசியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“ஏய்யா, எம்பேரச் சொன்னாவ. எல்லாரு பேரும் சொன்னாவ. ஒம்பேர மட்டும் காணுமே. அந்தக் கொழலு ஊதுனது நீயாய்யா?”

பெருமாள்சாமி என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை.

“ஆமாம்மா” என்றார். “நாந்தான்.”

“நல்லா ஊதுத” என்றார் சுப்பம்மாள். கொஞ்சம் பொறுத்து, “சரி, பெட்டி வாங்கணும்லா, டவுன்ல இருக்கயில வாங்கிட்டு வந்துரு” என்றார்.

அக்கா பொறுப்பாளருக்கு அன்றைக்கே நாலு தடவை போன் செய்தார். அவர் நொந்துபோய்த்தான் பேசினார். பதிவேட்டில் ஒலிபரப்பானதாக ஏறிவிட்டது; மூன்று மாதத்துக்கு அதே பாட்டை மறுபடி போட விதியில்லை. அக்கா போனை வைத்துவிட்டு டீ டம்ளரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

“எல்லாம் நான் செஞ்சது” என்றார். “பேரு பேருன்னு அலைஞ்சு, அவன் பேர முழுங்கிட்டேன்.”

“நாற்பது விநாடி நான் முழுங்கினேன்க்கா” என்றேன். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, அவர் கண் முன்னாலேயே குழலில் இரண்டு விநாடியை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டினேன். மூன்றாவது விநாடியில் பெருமாள்சாமியின் குரல் வந்து நின்றது.

“இப்ப வெட்டுதியே” என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

பெருமாள்சாமி சொன்ன தேதியில் சவுதி போனார். மூன்று மாதம் கழித்து அக்கா மறுபடி நிலையத்துக்குப் போனார். பொறுப்பாளர் மாற்றலாகியிருந்தார். புது ஆளுக்குக் காது கொடுக்க நேரமில்லை. அந்த வருஷமே எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று என் போனை வாங்கி, ஒருவழியாக டெம்பர் கிளாஸ் ஒட்டிக் கொடுத்தார். கோணலாக இருந்தது.

சில வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம் புதூரில் நண்பன் கல்யாணம். கோவில்பட்டியில் இறங்கி, அக்காவைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அதே புதூர் பஸ்ஸில் ஏறினேன். அதே டிரைவர். முன் சீட்டு கிடைத்தது. எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை. தானாக எண்ணிக்கொண்டே வந்தேன். எட்டயபுரம் தாண்டியது. இரண்டு பக்கமும் உழுது போட்ட கருப்பு மண். ஏழாவது பாட்டு முடிந்தது.

ஒரு கரகரப்பு. பிறகு அக்காவின் குரல்.

ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், மூச்சு விடாமல், பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி: “இப்ப வாரது மேகம் பாட்டு. பாடுனது பெருமாள்சாமி, புதூர். எழுதுனதும் அவிய. கொழலு கழுகுமலைக்காரர். பதிவு நம்ம தம்பி. கேளுங்க, பேசாதீங்க.”

மூன்றாவது விநாடியில் பெருமாள்சாமி பாடினார்.

புதூரில் இறங்கி டீ சொல்லிவிட்டு அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். கேட்டேன், கேட்டதும் என்னென்னவோ ஆனது, எல்லாருடைய பெயரும் சொன்னீர்களே, அறிவிப்பாளர் பெயரையும் சேர்த்திருக்கலாமே என்று. பாதி டீ குடிப்பதற்குள் பதில் வந்தது.

“சொல்லுதவ பேரு எதுக்குலே? அறிவிப்பாளர் பேர யாரு கேட்டா? எங்கயும் எம்பேரப் போடாத. அத விடு. நீ எந்தச் சீட்டுல இருந்த? முன்னாடியா? பின்னால கேக்கலன்னு ஒரு ஆளு சொல்லிச்சு. பின்னாடி ஸ்பீக்கரப் பாத்தியா?”

பார்க்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. கல்யாணம் மறுநாள் காலைதான். அதே பஸ்ஸில் ஏறிக் கடைசிச் சீட்டுக்குப் போனேன். மிளகாய் மூட்டைகளோடு நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. எக்கிப் பார்த்தேன், வயர் இளகியிருந்தது. அழுத்தினால் பாட்டு வந்தது. விட்டால் போனது.

“என்னய்யா அதப் போட்டு நோண்டுதீரு?” என்றாள் ஒருத்தி.

திரும்பி வரும் டிரிப். மூன்றாவது பாட்டு. பஸ் குலுங்கியது. இரண்டு கையாலும் வயரைப் பிடித்து அழுத்திக்கொண்டு நின்றேன். கரகரப்பு. அக்காவின் குரல், என் தலைக்கு மேலேயே.

“…பாடுனது பெருமாள்சாமி, புதூர்…”

மூட்டைமேல் சாய்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். “எந்தப் பெருமாள்சாமி?” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். “நம்ம சுப்பம்மா மவனா? லோடு வண்டிக்காரன்?” பிறகு என்னைப் பார்த்து, “அவனா பாடுதான்?” என்றாள்.

இரண்டு கையும் மேலே இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். பாட்டு முடிகிற வரைக்கும் வயரை விடவில்லை.